"இந்தியா போக ரெண்டு டிக்கெட் விழுந்திருக்கு" என்று கூப்பிட்டு அம்மா அப்பாவிடம் 50,000 வாங்கிவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?

#1 கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம். படித்துவிட்டு, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஏப்ரல் சீசனுக்கு வீட்டோடு நுவரெலியா போயிருந்தோம். கிரகரி வாவிப் பக்கம் குடை பிடித்த ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, சிரித்த முகத்தோடு இரண்டு பிள்ளைகள். "பேரையும் நம்பரையும் எழுதிப் போடுங்கம்மா, காசு ஒண்ணும் வேணாம்" என்றார்கள். அம்மா எழுதிப் போட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் துண்டில் கணவன் பெயர், இருவரின் வயது, வேலை, மாத வருமானம் எல்லாம் கேட்டிருந்தது. ஒரு குலுக்கலுக்கு வருமானம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்று கிழமை கழித்து போன் கோல் வந்தது. நல்ல தமிழில் ஒரு பெண். "வாழ்த்துகள் அம்மா, உங்க பேர் விழுந்திருக்கு. திருச்சிக்குப் போய்வர ரெண்டு பேருக்கு விமான டிக்கெட், மூணு நாள் தங்குறதுக்கும் சேர்த்து." திருச்சி என்ற சொல்தான் அம்மாவைப் பிடித்தது. அம்மாவின் தாத்தா திருச்சியை அடுத்த துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, தோட்ட வேலைக்கு இலங்கை வருகிறவர்களை நிறுத்திவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அம்மா நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பரிசை வாங்க இருவரும் சேர்ந்து வரவேண்டும், அடையாள அட்டையும் ஏடிஎம் அட்டையும் கொண்டுவர வேண்டும், ஒன்றரை மணி நேரம்தான் என்றார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபம். காலை 10 மணிக்குப் போனவர்கள் வெளியே வரும்போது பிற்பகல் 3 மணி. கையில் தங்க எழுத்துப் போட்ட ஒரு கவர். அதோடு ஆங்கிலத்தில் 11 பக்க ஒப்பந்தம், அப்பாவின் கையெழுத்தோடு. விடுமுறை விடுதிகளில் 10 வருடத்துக்கு வருடம் 7 இரவு தங்கும் "அங்கத்துவம்" வாங்கியிருக்கிறார்கள். விலை 295,000. முற்பணம் 50,000. வீட்டில் காசு இல்லை என்று அப்பா சொன்னதும், ஒரு பையன் வேனில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போய், ஏடிஎம்மில் இரண்டு தடவை எடுக்க வைத்திருக்கிறான். மீதி 24 தவணை.

அது அம்மா 31 வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்து, 50 வயதில் எடுத்த ஊழியர் சேமலாப நிதியில் மிஞ்சியிருந்த காசு.

"ஏம்மா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டேன். அம்மா சொன்ன பதில்தான் என்னை இங்கே எழுத வைத்தது. "அவ்வளவு மரியாதையா கதிரை இழுத்துப் போட்டாங்க தம்பி. டீ குடுத்தாங்க, ரோல்ஸ் குடுத்தாங்க. அப்பாவ சேர்னு கூப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சிட்டு முடியாதுன்னு எப்படி எந்திரிச்சு வர்றது?"

#2 மஸ்கெலியா வாசி

தம்பி, அம்மாவைக் கண்டிக்க வேண்டாம், அது முதல். இரண்டாவது, தவணைக்கு வங்கியில் எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். போட்டிருந்தால் நாளைக் காலையிலேயே வங்கிக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

#3 கொட்டகலைக்காரன்

கேட்டேன் அண்ணா. கணக்கு இலக்கத்தை எழுதி வாங்கியிருக்கிறார்கள், வங்கிப் படிவம் எதுவும் இல்லை என்கிறார். எதற்கும் நாளை கூட்டிப்போகிறேன்.

அந்தத் தங்க எழுத்துக் கவரையும் பிரித்துப் பார்த்தேன். டிக்கெட் இல்லை, ஒரு வவுச்சர். பின்பக்கம் எறும்பு எழுத்தில்: 60 நாளுக்குள் போகவேண்டும், செவ்வாய் புதன் மட்டும், விமான நிலைய வரியும் விசாவும் நம்முடையது, ஆளுக்கு 18,500 "பதிவுக் கட்டணம்" முன்கூட்டியே கட்டவேண்டும், திகதியை அவர்கள் மாற்றலாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

#4 தலவாக்கலை நிலா

அண்ணா, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் கொழும்பில் இதே மாதிரி ஓர் இடத்தில் 14 மாதம் வேலை செய்தேன். கோல் எடுக்கிற வேலை. உங்கள் அம்மாவிடம் பேசியது நான் இல்லை. ஆனால் நானும் அப்படி எத்தனையோ அம்மாக்களிடம் பேசியிருக்கிறேன். தமிழ் நல்லா வரும் என்றுதான் மலையகப் பிள்ளைகளை எடுத்தார்கள்.

அங்கே குலுக்கல் என்று ஒன்று நடந்ததே இல்லை. பெட்டியில் விழுகிற துண்டெல்லாம் ஒரு பட்டியலாக எங்கள் மேசைக்கு வரும். வயது, வேலை, வருமானம் பார்த்துப் பிரித்துவைப்போம். கலியாணம் ஆகாதவர்கள், கடன் அதிகம் உள்ளவர்கள், தனியாக வருவேன் என்பவர்கள் கழிந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிற எல்லோருக்கும் பரிசு "விழும்". எங்களுக்குக் காசு விற்பனைக்கு இல்லை. ஒரு சோடி மண்டபத்துக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தால் அதற்கு ஒரு தொகை. அதனால் போனில் விலை, அங்கத்துவம், ஒப்பந்தம் என்ற சொற்களை எடுக்கவே கூடாது. பரிசு, பரிசு, பரிசு, அவ்வளவுதான்.

ஏன் இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்கிறார்கள் தெரியுமா? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலை முதலிலேயே பிடுங்கிவிடத்தான். மனுசி பக்கத்திலேயே இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது?

மண்டபத்தில் இரண்டு தடவை உதவிக்கு நின்றிருக்கிறேன். வந்தவர்களைச் சுவர்ப்பக்கம் உட்கார வைப்பார்கள், விற்கிறவர் வாசல்பக்கம். எழும்பிப் போகவேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அடையாள அட்டையைப் "பதிவுக்கு" என்று வாங்கிக்கொண்டு போவார்கள், கடைசிவரை வராது. பாட்டுச் சத்தம் கூட. அரைமணிக்கு ஒரு தரம் ஏதாவது ஒரு மேசையில் கைதட்டுவார்கள், "இன்னொரு குடும்பம் சேர்ந்துவிட்டது" என்று மைக்கில் சொல்வார்கள். அதில் சில கைதட்டு வெறும் கைதட்டு. முதலில் வருகிறவர் விலையை உயரத்தில் வைப்பார். நீங்கள் தயங்கினால் "மனேஜர்" வருவார், பேனாவால் அடித்து விலையைக் குறைப்பார், "இன்றைக்கு மட்டும், வாசலைத் தாண்டினால் இந்த விலை இல்லை" என்பார். அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவது ஆள் வந்து இன்னும் குறைப்பார். உங்கள் அப்பாவுக்கு முதலில் என்ன விலை சொன்னார்கள்?

டீயும் ரோல்ஸும் பற்றி அம்மா சொன்னதை வாசித்தபோது அழுதுவிட்டேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்வார்: "முதலில் தேநீர் கொடு. எங்கள் ஆட்கள் குடித்த தேநீருக்குக் கடன்பட்டவர்கள் மாதிரி இருப்பார்கள்." தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். வீட்டுக்கு வந்தவருக்கு வெறும் தேத்தண்ணியாவது கொடுக்காமல் அனுப்பமாட்டோம், கொடுத்ததைக் குடித்துவிட்டு முகத்தை முறிக்கவும் மாட்டோம். அந்தப் பழக்கத்தை அவர்கள் எடுத்து விலை பேசினார்கள். நானும் அதற்குக் கூடநின்றேன்.

#5 கொட்டகலைக்காரன்

தங்கச்சி, இவ்வளவும் எழுதியதற்கு நன்றி. முதல் விலை 685,000. அப்புறம் 450,000. கடைசியில்தான் 295,000. "எங்களுக்காக இவ்வளவு குறைத்தார்களே" என்று அப்பா இன்னும் சொல்கிறார்.

#6 பண்டாரவளை வியாபாரி

எல்லாவற்றையும் மோசடி என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். என் தங்கையும் மச்சானும் இதே மாதிரி ஓர் அங்கத்துவம் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் பிள்ளைகளோடு பெந்தோட்டைப் பக்கம் போய்வருகிறார்கள், சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நல்ல சம்பளம், விடுமுறையையும் முன்கூட்டியே போடக்கூடிய உத்தியோகம். விற்பவன் விலை சொல்வான், குறைப்பான், இன்றைக்கு வாங்கினால் லாபம் என்பான். கடை வைத்திருக்கிற நானும் அதைத்தான் செய்கிறேன். கையெழுத்துப் போடுமுன் வாசிக்க வேண்டியது நம் பொறுப்பு இல்லையா?

#7 இராகலை டீச்சர்

வியாபாரி தம்பி, உங்கள் கடைக்கு வருகிறவர் சாமான் வாங்கத்தான் வருகிறார், அதைத் தெரிந்துதான் படியேறுகிறார். இங்கே பரிசு வாங்க வந்தவரிடம் 11 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டது தமிழில், பேசியது தமிழில், கையெழுத்து வாங்கியது மட்டும் ஆங்கிலத்தில். வாசிக்கவேண்டியது அவர் பொறுப்பு என்றால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல விட்டிருக்க வேண்டும். "வாசலைத் தாண்டினால் இந்த விலை இல்லை" என்பது வாசிக்க விடாமல் தடுக்கத்தானே.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். தம்பி, ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருக்கத்தான் செய்யும்.

#8 கொட்டகலைக்காரன்

இருக்கிறது டீச்சர். 7ஆம் பக்கம். வருடம் 24,000, "காலத்துக்குக் காலம் கூட்டப்படலாம்". மண்டபத்தில் இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை என்கிறார் அப்பா.

#9 இராகலை டீச்சர்

அப்படியானால் கட்டணம் ஒரு சதம்கூட ஏறாது என்றே வைத்துக்கொள்வோம். 10 வருடத்துக்கு 240,000. விலை 295,000. மொத்தம் 535,000. கிடைப்பது 70 இரவு. ஓர் இரவுக்கு 7,600 ரூபாய்க்கு மேல், சாப்பாடு இல்லாமல், போக்குவரத்து இல்லாமல், ஒரு வருடம்கூடத் தவறாமல் 7 இரவும் போனால்தான் இந்தக் கணக்கு. ஒரு வருடம் போகாவிட்டாலும் 24,000 கட்டவேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிற யார் வருடத்துக்கு ஏழு இரவு கடற்கரையில் தங்கப்போகிறார்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் அந்த 50,000 என்பது 37 பேர், அதாவது 37 நாள் வேலை. மழையில் நனைந்து, அட்டை கடிபட்டு, கொழுந்து நிறுத்துப் போட்ட 37 நாள். அதை ஏடிஎம் வாசலில் இரண்டு நிமிடத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

#10 பண்டாரவளை வியாபாரி

டீச்சர், கணக்கை ஒத்துக்கொள்கிறேன். தங்கையிடமும் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்டேன். வாங்கியபோது இருந்ததைவிட இப்போது கூடித்தான் இருக்கிறதாம். ஏடிஎம் அட்டையைப் பிடுங்காத குறையாக வேனில் ஏற்றிக்கொண்டு போனதை நானும் வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

#11 மஸ்கெலியா வாசி

எங்கள் பக்கம் இது வேறு வேசத்தில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: "வயதானவர்களுக்கு இலவச கதிர்காம யாத்திரை". பஸ் இலவசம், சாப்பாடு இலவசம். என் மாமியாரும் போனார். வெலிமடை, பண்டாரவளை தாண்டி வெல்லவாயவில் ஒரு மண்டபத்தில் பஸ்ஸை நிறுத்தி, "சின்னதாக ஒரு சுகாதாரக் கூட்டம்" என்று உள்ளே கூட்டிப்போயிருக்கிறார்கள். காந்த மெத்தை. அதில் படுத்தால் முழங்கால் வலி போகும், பிரசர் இறங்கும், சீனி குறையும் என்று மூன்று மணி நேரம். பஸ் டிரைவரைக் காணோம். வயதானவர்கள் தெரியாத ஊரில் எங்கே போவார்கள்? கோயில் நடை சாத்திவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் முற்பணம் கொடுத்தபிறகுதான் டிரைவர் வந்தாராம்.

மாமியார் சங்கிலியை அடகு வைத்து அந்த மெத்தையை வாங்கினார். இன்றைக்கும் கட்டிலில்தான் கிடக்கிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சுவாமியைக் கும்பிடப் போன இடத்தில் ஏமாந்தேன் என்று வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் அடுத்த தோட்டத்திலும் அதே நோட்டீஸ் ஒட்டியபோது எச்சரிக்க ஆளில்லாமல் போய்விட்டது. எங்கள் வீட்டிலேயே நானும் பேசாமல்தான் இருந்தேன்.

#12 நாவலப்பிட்டி அண்ணன் (இப்போது ஜெர்மனி)

மஸ்கெலியா அண்ணன் சொன்னது இங்கே அச்சு அசலாக நடக்கிறது. "கோப்பிப் பயணம்" என்றே பெயர். வயதானவர்களை மலிவான அல்லது இலவசமான பஸ் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போய், ஊருக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்துப் போர்வையும் மருந்தும் விற்பது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து அந்த மாதிரிப் பயணங்களில் மருத்துவச் சாதனம், சத்து மாத்திரை, நிதிச் சேவை விற்பதையே சட்டம் தடுத்துவிட்டது.

விடுதி அங்கத்துவத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இலேயே ஒரு நெறிமுறை வந்தது. கையெழுத்துப் போட்டபிறகும் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளுக்குள் விற்பவர் ஒரு சதம்கூட முற்பணம் வாங்கக் கூடாது. பரிசு, சலுகை என்று கூப்பிட்டால், அது விற்பனைக் கூட்டம் என்பதை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். வாங்குபவர் தன் மொழியில் ஒப்பந்தம் கேட்கலாம். இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்றாலே, அங்கே எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்று யோசியுங்கள். தம்பி, உங்கள் ஒப்பந்தத்தில் விலகும் காலம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

#13 பழைய உத்தியோகத்தர்

தம்பி, நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நம் நாட்டில் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில் நடப்பதைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளைப் பற்றியது. "டிக்கெட் விழுந்திருக்கு" என்று சொல்லிக் கூப்பிட்டு, நிபந்தனையைக் கவருக்குள் ஒளித்தது இந்த இரண்டுக்குள்ளும் வரும் என்பது என் கருத்து. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடி ஒரு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: கோல் வந்த நாள், வந்த நம்பர், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், ஏடிஎம் துண்டு. வவுச்சரின் இரண்டு பக்கமும் ஒப்பந்தமும் பிரதி எடுத்து இணையுங்கள். கம்பனிக்கும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பயணத்தை ஏற்பாடு செய்கிற முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்றும் பாருங்கள். 1912க்கு எடுத்துக் கேளுங்கள். "எங்கள் கம்பனி பதிவு செய்தது" என்று சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கம்பனிப் பதிவு யாருக்கும் கிடைக்கும், அது நேர்மைக்குக் கொடுத்த பத்திரம் இல்லை.

ஒரு கேள்வி: இன்னும் ஆட்களைச் சேர்த்துவிட்டால் உங்கள் காசு திரும்பும் என்று சொன்னார்களா?

#14 கொட்டகலைக்காரன்

இல்லை ஐயா, அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் ஐந்து பேரின் போன் நம்பர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சித்தியின் நம்பரையும், பக்கத்து லயத்து அக்காவின் நம்பரையும் எழுதியிருக்கிறார். இரண்டு பேருக்கும் இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். சித்திக்கு நேற்றே கோல் வந்துவிட்டதாம்.

#15 பழைய உத்தியோகத்தர்

நல்ல வேளை சொன்னீர்கள். ஆள் சேர்த்தால் காசு என்றிருந்தால் அது பிரமிட் திட்டம், வங்கிச் சட்டப்படி குற்றம், மத்திய வங்கியின் 1935க்குப் போயிருக்கும். உங்களுடையது அது இல்லை. நுகர்வோர் அதிகார சபைக்கே எழுதுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிலும் வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

#16 கொட்டகலைக்காரன்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

வங்கியில் எந்தக் கட்டளையும் இல்லை, அது நிம்மதி. ஒப்பந்தத்தில் விலகும் காலம் என்று ஒரு வரிகூட இல்லை. "முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஹோட்டலுக்கும் போனேன். மண்டபத்தை வாடகைக்கு விட்டோம், வேறு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

கடிதத்தை அம்மாவே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. டீ, ரோல்ஸ், கதிரை இழுத்துப் போட்டது எல்லாம் அதில் இருக்கிறது. எடுக்கட்டுமா என்று கேட்டேன், "நடந்ததத்தானே எழுதச் சொன்னாங்க" என்றார். மாவட்டச் செயலகத்துக்குப் போய், அதிகார சபையின் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். கம்பனிக்குப் பதிவுத் தபால் போன நாலாம் நாள் அப்பாவுக்குக் கோல். இந்தமுறை சேர் இல்லை, "பெரியவர்". முதலில் தவணை கட்டாவிட்டால் வழக்கு என்றார்கள். முறைப்பாடு கொடுத்துவிட்டோம் என்று அப்பா சொன்னதும், அடுத்த நாள் வேறு ஒருவர் எடுத்து 35,000 திருப்பித் தருகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்றார். அப்பா சம்மதித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா போனை வாங்கி, "50,000" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

விசாரணைக்கு 19ஆம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பனிக்காரரும் வரவேண்டுமாம். நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம், நானே பேசுகிறேன் என்கிறார் அம்மா.

#17 இராகலை டீச்சர்

அம்மாவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். துறையூர் ஆசையை விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. நாகையிலிருந்து திருச்சி பஸ்ஸில் போகிற தூரம்தான். கப்பல் ஓடும் நாட்களையும் கட்டணத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

#18 மஸ்கெலியா வாசி

இந்த இழையை மாமியாருக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் மாதர் சங்கக் கூட்டம் இருக்கிறது, அங்கே மெத்தைக் கதையைச் சொல்கிறேன் என்கிறார். கூட்டிப்போகிறேன்.

#19 தலவாக்கலை நிலா

அண்ணா, 19ஆம் திகதி நானும் நுவரெலியா வரட்டுமா? அந்த மண்டபத்தில் என்ன நடக்கும் என்று உள்ளே இருந்தவள் ஒருத்தி சொன்னால் அம்மாவுக்குத் துணையாக இருக்கும். கேட்கமாட்டோம் என்றால் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன்.

#20 கொட்டகலைக்காரன்

வாங்க தங்கச்சி. 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஏழரை பஸ்ஸில் ஏறுவோம், தலவாக்கலையில் நீங்கள் அதே பஸ்ஸைப் பிடிக்கலாம். அம்மா உங்களுக்கும் சேர்த்து ரொட்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லச் சொன்னார்.